ஓடுதீயங்க

படம் ஊத்திக்கணும். கோனியம்மா தாயே, வேற ஒண்ணும் கேக்கலை, இந்த ஒரு படம் மட்டும் ஊத்திக்கட்டும். அம்சவேணி இதை நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ மனசுக்குள் சொல்லிக்கொண்டபோது மணி ஒன்பதே முக்கால், சத்தி ரோட்டுத் தியேட்டரில் வெடித்த சரவெடியின் புகை இன்னும் ஷெட்டு ஜன்னல் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. காட்சி ஒன்பதுக்கு. இந்நேரம் ஹீரோவின் காலைக் காட்டி, கையைக் காட்டி, முதுகைக் காட்டி, கடைசியில் மூஞ்சியைக் காட்டி முடித்திருப்பார்கள், கிழித்த காகிதமெல்லாம் பறந்து முடிந்திருக்கும். ஐம்பத்தோரு வயசுப் பொம்பளை, யாரோ எவரோ ராப்பகலாய்ப் பாடுபட்டு எடுத்த படம் நாசமாய்ப் போகட்டும் என்று சாமியிடம் கேட்கிறாள், நல்லா இருக்குது பொழப்பு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டாள், குண்டு மேலே ஓடியது. சாய்வாக வைத்த பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு, கீழே இரண்டு பிளிப்பர். பொத்தானை அமுக்கினால் பிளிப்பர் குண்டைத் தட்டி மேலே அனுப்பும், தப்பினால் குண்டு நடுக்குழியில் விழும், மூன்று குண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இதுதான் பின்பால், இதைத்தான் அவள் கோயமுத்தூர்க் கணபதியில் இந்தப் பழைய பம்ப்செட்டு ஷெட்டுக்குள் பதினோரு வருஷமாகப் பலகை பலகையாக வரைந்துகொண்டிருக்கிறாள். இப்போது எதிரே இரண்டு மெஷின் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே பலகை, குண்டு ஓடுகிற ஒரே வளைவு, பிளிப்பரை உதைக்கிற ஒரே காயில். இடது பக்கத்து மெஷின்மேல் ஹீரோ படம், வலது பக்கத்து மெஷின்மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு டவுன் பஸ். பஸ் அவளுடையது, அவளே யோசித்து அவளே வரைந்தது. முதலாளி பொங்கியண்ணன் புதன்கிழமையே சொல்லிவிட்டார், படம் வெள்ளிக்கிழமை வருது அம்முணி, ஓடுச்சுன்னா ஹீரோ, ஓடலைன்னா உங்க பஸ்ஸு, ரண்டுல ஒண்ணுதான் பண்ண முடியும், இன்னொண்ணப் பிரிச்சுப்போடலாம். பிரிச்சுப்போடலாமாம். கொத்தவரங்காய் ஆய்கிற மாதிரி அவ்வளவு சுளுவாகச் சொன்னார். அவரே குடும்பத்தோடு முதல் காட்சிக்குப் போயிருக்கிறார், படம் விட்டதும் நேராக இங்கேதான் வருவார்.

குண்டு நடுவில் இறங்கியது, ஹீரோ மெஷின் ஒரு சத்தமும் போடவில்லை, மரத்தில் இரும்பு விழுந்த 'டொக்' மட்டும். இந்த ஊமைத்தனத்துக்கு ஒரு கதை இருக்கிறது, நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். தை மாசம் சென்னையிலிருந்து ஹீரோவின் மேனேஜர் வந்தான், பிரசன்னா என்று பேர், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, கண்ணாடிமேல் ஒரு விரலை வைத்துப் பலகை முழுக்கத் தடவிக்கொண்டே வந்தான். மேடம், சார் மூஞ்சில பால் அடிக்கக் கூடாது. குண்டுக்கு அவன் பாஷையில் பால். சரி என்று மூஞ்சியைப் பலகையிலிருந்து எடுத்து, மெஷினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற கண்ணாடிக்கு ஏற்றினாள். மேடம், சார் காலுக்குக் கீழ இந்தக் குழி வருது, அவரு குழிமேல நிக்கற மாதிரி இருக்கு, ஃபேன்ஸ் தப்பா எடுத்துப்பாங்க. காலையும் எடுத்தாள். கடைசியில் குண்டு விழுகிற இடத்துக்கு வந்தான். பால் விழுந்தா என்ன ஆகும்? ஆட்டம் போச்சுங்க. போச்சுன்னா, யாரு தோத்தாங்க? ஆடறவங்கதானுங்க. ஆடறவங்கதான மேடம் சாரு? அவரா நெனச்சுக்கிட்டுத்தான ஆடறாங்க? சார் தோக்க மாட்டாரு மேடம். எந்தப் படத்துலயும் தோத்ததில்ல, க்ளைமாக்ஸ்ல செத்தாக்கூட ஜெயிச்சுட்டுத்தான் சாவாரு. அவனுக்கு அதைச் சொல்லும்போது சிரிப்புகூட வரவில்லை. சரிங்க, குண்டு விழுந்தா வில்லன் சிரிக்கட்டுங்களா என்று கேட்டாள். யோசித்தான், வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தான். வில்லனும் ஜெயிக்கக் கூடாது மேடம். அப்ப என்னதானுங்க பண்ணறது? எதுவும் வேணாம், சும்மா விழட்டும். அப்படித்தான் சும்மா விழுகிறது. 'நின்னா மலை, நடந்தா அலை' என்று ஹீரோ பேசுகிற வசனத்தை மட்டும் குண்டு மேலே போகிறபோது போட்டுக்கொள்ளலாம், அதற்கும் தனியாக ஒரு காகிதம், ஏனென்றால் அந்த வசனத்தைச் சட்டப்படி தங்கள் பேரில் பதிவு பண்ணி வைத்திருக்கிறார்களாம், அவர்களைக் கேட்காமல் ஒருத்தனும் பனியனில்கூட அடிக்க முடியாதாம். மலையும் அலையும் என்றிலிருந்து இவர்கள் வீட்டுச் சொத்தானது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, கேட்கவில்லை, பொங்கியண்ணன் பக்கத்தில் நின்று புதுமாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டிருந்தார். கடைசியாக அவள் பேர். பலகையின் கீழ் மூலையில் வடிவமைப்பு அம்சவேணி என்று கடுகு சைசில் ஒரு வரி, வெளிநாட்டு மெஷினிலெல்லாம் இருக்கும், வரைந்தவன் பேர் இல்லாமல் பலகை வராது. அதையும் விரலால் தொட்டான். சார் பேரு இருக்கற எடத்துல வேற பேரு வரக் கூடாது மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தப்பா எடுத்துக்க என்ன இருக்குது. பதினோரு வருஷத்தில் ஒன்பது பலகை. கிரிக்கெட், கார்ட்டூன் பூனை, கலர் சோடா, ஹீரோ, இன்னொரு ஹீரோ, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தன் வெள்ளைச் செருப்போடு வந்து அந்த மூலையை விரலால் தொட்டுவிட்டுப் போயிருக்கிறான். கட்டிக்கொடுத்த பிள்ளைகள் வீட்டுப் பத்திரிகையில் பெற்றவள் பேர் இல்லாத மாதிரி ஒன்பது பலகை. பத்தாவதாவது, பத்தாவது ஒன்றாவது.

அக்கா, எங்க கொழுந்தன் மெசேஜ் போட்டிருக்கறான் என்று ஜோதிமணி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜோதிமணிக்கு வயரிங் வேலை, கையில் எப்போதும் ஈய வாசம், எட்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் இருவரும் வேலைக்கு வருகிறார்கள், சிங்காநல்லூரில் அவள் ஏறி இடம் பிடித்து வைப்பாள், ராமநாதபுரத்தில் இவள் ஏறுவாள். ஜோதிமணி போனை அமுக்கினாள், தியேட்டர் கூச்சலுக்கு நடுவே ஒரு பையன் தொண்டை கிழியக் கத்தினான், அண்ணி, ஃபர்ஸ்ட் ஆஃப் தீ அண்ணி, இன்டர்வெல் பிளாக்குல சேரு ஒடஞ்சு போச்சு. அம்சவேணி பிளிப்பர் பொத்தானை இரண்டு தடவை சும்மா அமுக்கினாள். அப்படியா, நல்லதுதான் என்று சொன்னாள். நல்லதாமா, வாய் கூசாமல் வருகிறது. உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமுங்களேக்கா என்றாள் ஜோதிமணி, அவளும் அந்த ஹீரோவுக்கு உயிரை விடுகிறவள்தான், ஆனாலும் பாவம் நல்லவள், சந்தோஷத்தைப் பாதி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கென்ன சங்கட்டம், எது ஓடுனாலும் கம்பெனி மெஷின்தான. அதுங்கூடச் சரிதானுங்க. ஆனா எனக்கென்னமோ நம்ம பஸ்ஸுதானுங்கக்கா புடிச்சிருக்குது, நம்ம எட்டேகால் வண்டி அண்ணன் கொரலு கேட்டா சிரிப்பு வந்துருது, அவுரு வந்து பாத்துட்டாருங்களாக்கா, மெஷின்ல தன்ற கொரலு வருதுன்னு? ஜோதி, அந்த நாலாவது காயில்ல பச்சை வயரு விட்டிருக்குது பாரு, ஈயம் வெச்சுட்டு வா என்றாள் அம்சவேணி. ஜோதிமணி போனாள். நாலாவது காயிலில் ஒன்றும் விடவில்லை என்பது போய்ப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், தெரிந்தாலும் திரும்பிவந்து கேட்கிற ஜாதியில்லை அவள். முதல் பாதி தீ. சேர் உடைந்ததாம். சேர் உடைந்தால் படம் நூறு நாளா, இவர்கள் உடைக்காத சேரா, ஆனாலும் ஒரு பாதி நன்றாக இருந்துவிட்டால் இரண்டாவது பாதியை மன்னித்துவிடுகிற சனம் இது, கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் முதல் இனிப்பு நன்றாக இருந்ததா என்றுதானே பேசுகிறார்கள், கடைசி மோரை யார் நினைக்கிறார்கள். மத்தியானத்துக்குள் ஸ்குரூ டிரைவரும் கையுமாக இந்தப் பஸ்ஸைக் கழற்ற வேண்டியிருக்கும், கழற்றுகிறவள் வேறு யார், அவளேதான். பெத்தவளே பிரேதத்தைக் குளிப்பாட்டுகிற கதை.

வலது பக்கம் நகர்ந்து பஸ் மெஷினில் ஒரு குண்டை விட்டாள். மேலே மூன்று வழி, மூன்று ஸ்டாப்பு, ராமநாதபுரம், சுங்கம், காந்திபுரம். குண்டு ஒரு ஸ்டாப்பில் போய் நின்றால் ஒரு விசில், நில்லு என்று அர்த்தம். மூன்று ஸ்டாப்பிலும் மூன்று குண்டு நின்றுவிட்டால் இரண்டு விசில், போலாம் ரைட், மூன்றும் ஒரே சமயத்தில் திபுதிபுவென்று கீழே இறங்கும், ஆடுகிறவனுக்கு எட்டுக் கை இருந்தாலும் பத்தாது. ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக, இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், ஹீரோவின் ஜீப்பு எந்தக் கேட்டை உடைத்தது என்று படம் பார்த்தவனுக்குத்தானே தெரியும், இது படம் பார்க்காதவனுக்கும் தெரியும். இதற்கு யாரிடமும் காகிதம் வாங்க வேண்டாம். வாங்க வேண்டாமா? குண்டு வலது பிளிப்பரின் நுனியில் பட்டு, ஒரு விநாடி தயங்கி, நடுவில் விழுந்தது, உடனே அந்தக் குரல் வந்தது, கரகரவென்று, பாதி சிரிப்போடு: பின்னால வண்டி வருதுல்லா, எதுக்கு ஓடுதீயங்க. ஓடுதீய என்பது திருநெல்வேலிப் பக்கத்து மரியாதை. ங்க என்பது கோயமுத்தூர் மரியாதை. இரண்டையும் சேர்த்து ஓடுதீயங்க என்று சொல்கிற ஆள் இந்தப் பூமியில் ஒருத்தன்தான், அவள் தினமும் ஏறுகிற எட்டேகால் வண்டிக் கண்டக்டர். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன், கேட்டறிந்து பழகிய ங்கவைத் தன் ஊர்ப் பேச்சின்மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டு, ஏறுதீயங்க, எறங்குதீயங்க, படியில நிக்காதீயங்க என்று நாளெல்லாம் கூவுகிறவன், ஏறுகிறவர்கள் முதலில் சிரித்து இப்போது பழகிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள், சுங்கத்தில் ஒரு பெண்பிள்ளை டிபன் கேரியரோடு வண்டிக்குப் பின்னால் ஓடிவருகிறாள், வண்டியில் நிற்க இடமில்லை, டிரைவர் நிறுத்த மாட்டான். அவன் படியில் தொங்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னான், பின்னால வண்டி வருதுல்லா, எதுக்கு ஓடுதீயங்க. பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. அடுத்த வண்டி முக்கால் மணி நேரம் கழித்துத்தான், அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், வண்டியில் இருந்த எழுபது பேருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நனைந்தபடி நின்று, சிரித்தாள். அம்சவேணி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் பின்பால் வரைந்தவளுக்கு அன்றைக்குத்தான் பின்பால் என்றால் என்னவென்று புரிந்தது. இந்த ஆட்டத்தில் ஒருத்தரும் ஜெயிக்க முடியாது, எவ்வளவு நேரம் தட்டினாலும் கடைசியில் குண்டு விழுந்தே தீரும், அப்படி விழுகிறபோது என்ன சொல்வது என்று ஒரு மெஷினுக்கும் தெரியாது, கேலி பண்ணும், சங்கு ஊதும், இல்லாவிட்டால் ஊமையாக இருக்கும். விழுந்தவனைப் பார்த்துப் பின்னால வண்டி வருது என்று பொய் சொல்ல, அதுவும் அவ்வளவு மரியாதையாகச் சொல்ல, ஒரு கண்டக்டர்தான் வேண்டியிருந்தது. அடுத்த வாரமே போனை ரெக்கார்டில் போட்டு டிபன் பையின் வாயில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஏழு நாள். ஏழாவது நாள் அதே வார்த்தை கிடைத்தது.

அவனைக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம்தான், யார் இல்லையென்று சொன்னது. முதலில், ஒத்துக்கொள்வானோ மாட்டானோ என்று பார்த்தாள். அப்புறம், மெஷின் ஆகுமோ ஆகாதோ, ஆகாத வேலைக்கு எதற்கு ஒருத்தனிடம் ஆசை காட்டுவது என்று விட்டாள். அப்புறம், சொன்னால் மைக் முன்னால் நிற்கிற மாதிரி ஆகி அந்தப் பேச்சே மாறிப்போய்விடும், ங்கவை ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்துவிடுவான் என்று ஒரு காரணம் கிடைத்தது, அது கொஞ்சம் நல்ல காரணம், அதை வெகுநாள் வைத்துக்கொண்டிருந்தாள். குரலை எடுத்த பிறகும் இரண்டு வருஷமாகத் தினமும் அவன் கையால் டிக்கெட் வாங்குகிறாள், இன்றைக்குக் காலையில்கூட. என்னக்கா, ஊரே படத்துக்குப் போயிட்டுல்லா, நீங்க வேலைக்குப் போறீயங்க என்று கேட்டான். அவன் பேர் தெரியாது. எட்டு வருஷமாகத் தெரியாது. சட்டைப் பையில் ஒரு சின்னப் பலகை குத்தியிருக்கும், படிக்க நினைக்கிற அன்றைக்கெல்லாம் அவன் திரும்பி நிற்பான், நினைக்காத அன்றைக்கெல்லாம் எதிரே நிற்பான். அட போடி, படிக்காமல் விட்டது நீ, அவன் திரும்பியதா குற்றம். பேர் தெரிந்துவிட்டால் ஆளாகிவிடுவான், ஆளாகிவிட்டால் கேட்க வேண்டும். வெள்ளைச் செருப்புக்காரனை என்னென்ன சொல்லித் திட்டியாகிவிட்டது. அவனாவது காகிதம் கொண்டுவந்தான், இதில் இது என்னுடையது, இதைத் தொடாதே, இதைக் கேட்டுச் செய் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். ஹீரோவுக்கு ஒரு மேனேஜர் இருக்கிறான். கண்டக்டருக்கு யார் இருக்கிறார்கள், எட்டேகால் வண்டியில் டிபன் பையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். ஒரிஜினல், ஒரிஜினல் என்று ஆறு மாசமாகப் பொங்கியண்ணனிடம் மல்லுக்கு நிற்கிறாளே, எதுங்க ஒரிஜினல், பஸ் யாருடையது, விசில் யாருடையது, அந்த மழை யாருடையது, ஓடுதீயங்க யாருடையது. வளைவு என்னுடையது என்று சொல்லிக்கொண்டாள். குண்டு நுனியில் ஒரு விநாடி தயங்குகிறதே, அந்தத் தயக்கம் என்னுடையது, பிளிப்பர் ரப்பரை ஒரு நூல் தள்ளி வைத்து நான்தான் அந்தத் தயக்கத்தைக் கொண்டுவந்தேன், எவனும் கொடுக்கவில்லை. அது உண்மைதான். உண்மையாக இருந்தும் அதை இன்னொரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. படம் மட்டும் ஊத்திக்கட்டும், நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன், பேர் கேட்டு, கூட்டிவந்து, மெஷினைக் காட்டி, முறையாக எழுதி வாங்கிக்கொள்கிறேன். சாமியிடமும் பேரம், மனசாட்சியிடமும் பேரம், ஒரே காலையில் இரண்டு கடை.

பதினொன்றுக்கு மெசேஜ் இல்லை. பதினொன்றேகாலுக்கும் இல்லை. ஜோதிமணி போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டாள். தியேட்டர் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, ரோட்டு வண்டிச் சத்தம் மட்டும்தான், ஒரு நல்ல கிளைமாக்ஸ் என்றால் இந்நேரம் இங்கே வரைக்கும் விசில் கேட்க வேண்டுமே. அம்சவேணி ஹீரோ மெஷினைத் துணியால் துடைத்தாள், எதற்கென்று தெரியாமலே, அவர் மூஞ்சியைத் துடைத்தாள், நல்ல மூஞ்சிதான், பாவம், அவரும் ஐம்பதைத் தாண்டினவர்தான், மீசைக்கு மை போட்டிருக்கிறார், அவர் என்ன கெடுதல் செய்தார் இவளுக்கு. பதினொன்று நாற்பதுக்குப் போன் சிணுங்கியது. இந்தத் தடவை கத்தல் இல்லை, பைக் ஸ்டாண்டில் நின்று பேசுகிற குரல். அண்ணி, செகண்ட் ஆஃப் மொக்கை அண்ணி. தூங்கிட்டேன். பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஜோதிமணியின் முகம் வாடிப்போயிற்று, அவளுக்கு உண்மையாகவே கண் கலங்கியது, மூணு வருசம் கழிச்சு வந்த படமுங்கக்கா என்றாள். அய்யோ பாவமே என்றாள் அம்சவேணி. உள்ளுக்குள் ஏதோ குதித்தது, ஐந்து வயசுப் பிள்ளை திருவிழாவில் குதிக்கிற மாதிரி, வெட்கங்கெட்ட சந்தோஷம், அது முகத்துக்கு வந்துவிடக் கூடாது என்று குனிந்து மெஷினுக்கடியில் இல்லாத திருகாணியைத் தேடினாள். ஊத்திக்கிச்சு. ஊத்தியே போச்சு. என் பஸ் பிழைத்தது. தரையில் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கசந்தது, பாகற்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி, இருந்தாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

பொங்கியண்ணன் பன்னிரண்டுக்கு வந்தார், வேட்டி மடிப்பில் பாப்கார்ன் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏனுங்கண்ணா, படம் எப்படிங்க என்று கேட்டாள், தெரியாத மாதிரி. அதை ஏன் கேக்கறீங்க அம்முணி, தேறாது, ரண்டாவது பாதியில ஹீரோவே தூங்கறாரு என்று சொல்லிவிட்டு நேரே பஸ் மெஷினிடம் போய் ஸ்பிரிங்கை இழுத்தார். அவருக்கு ஆடத் தெரியாது, குண்டு நாலே நொடியில் விழுந்தது, பின்னால வண்டி வருதுல்லா, எதுக்கு ஓடுதீயங்க. வயிறு குலுங்கச் சிரித்தார். மறுபடி இழுத்தார், வேண்டுமென்றே பிளிப்பரைத் தொடாமல் விட்டு, மறுபடி கேட்டுச் சிரித்தார். இதையே பண்ணிப்போடலாம் அம்முணி, உங்க பஸ்ஸுதான் முடிவு. சரிங்கண்ணா என்றாள் அம்சவேணி. ஜோதிமணி சால்டரிங் மேஜையிலிருந்து பார்த்துப் புன்னகைத்தாள். அப்பறம் ஒண்ணு, வர்ற வழியெல்லாம் யோசனை பண்ணீட்டே வந்தேன் என்று பொங்கியண்ணன் தோள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இந்தச் சினிமாக்காரங்ககிட்ட ஒரு விசயம் கத்துக்கிட்டேனுங்க. அந்த மலை அலையப் பதிவு பண்ணி வெச்சுக்கிட்டு நம்மள என்ன பாடு படுத்துனாங்க, அதே மாதிரி இந்த ஓடுதீயங்கவ நாம பதிவு பண்ணிப்போட்டம்னா? மெஷினு, பனியனு, கப்பு, எதுல போடோணும்னாலும் நம்மளக் கேட்டுத்தான் போடோணும். வர்ற வழியிலயே வக்கீலு ஆபீசுல நின்னு ஃபாரம் வாங்கீட்டேன். இந்த வார்த்தைய உண்டாக்குனது யாருன்னு ஒரு பேரு எழுதோணுமாம், யாருங்க அம்முணி இது, எங்க புடிச்சீங்க? அம்சவேணி துடைக்கிற துணியைத் தேடி எடுத்தாள். சொல்லிவிடலாம். எட்டேகால் வண்டிக் கண்டக்டருங்க. சொன்னால், அப்படியா, போய்க் கையெழுத்து வாங்கீட்டு வாங்க என்பார். போகலாம். அவன் சிரித்துக்கொண்டே போடுவான், அல்லது போட மாட்டான், என் பேச்சு எதுக்குக்கா உங்களுக்கு என்று கேட்பான், அல்லது பஸ் முதலாளியைக் கேட்கணும் என்பான், பஸ் முதலாளி எங்க வண்டிப் பேரைப் போடு என்பான், அதற்குள் ஆடி வந்துவிடும், ஆடிக்கு இன்னொரு ஹீரோவின் படம் இருக்கிறது, பொங்கியண்ணன் எத்தனை நாளைக்குப் பொறுப்பார், அவர் பொறுமை எவ்வளவு நீளம் என்று பதினோரு வருஷமாகத் தெரியும். இதெல்லாம் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் ஓடியது. நாந்தானுங்கண்ணா என்றாள் அம்சவேணி. ஆம்பளக் கொரலா இருக்குதே. கொரலு ஒருத்தரச் சொல்ல வெச்சதுங்க, வார்த்தை என்னுது. நீங்களா யோசிச்சீங்களா? ஆமாங்க, திருநவேலியும் கோயமுத்தூரும் சேத்தி நானா வெச்சதுங்க. கெட்டிக்காரிதான் போங்க என்று பொங்கியண்ணன் பேனாவை நீட்டினார், பலகையிலயும் அந்த மூலையில உங்க பேரப் போட்டுக்கங்க, இனி எவன் கேக்கறது. அம்சவேணி காகிதத்தை ஹீரோ மெஷினின் கண்ணாடிமேல் வைத்து எழுதினாள், இனிஷியலோடு, ரேஷன் கார்டில் இருக்கிறபடி, ஓர் எழுத்து விடாமல். அவர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிரிக்கறத மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கலாம், சாப்புட்டுட்டு வர்றேன் என்று போனார்.

ஜோதிமணி தலையைத் தூக்கவில்லை. ஈயம் உருகுகிற வாசம் வந்தது. அம்சவேணி ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்து, ஹீரோ மெஷினின் முதல் திருகாணியைக் கழற்றி, இரண்டாவதையும் கழற்றி, மூன்றாவதில் வைத்திருந்தபோது ஜோதிமணி அங்கிருந்தே கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள், தினமும் கேட்கிற மாதிரி. நாளைக்கு எட்டேகால் வண்டிக்குத்தான வருவீங்க, எடம் புடிச்சு வெக்கட்டுமாக்கா? திருகாணி இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. அம்சவேணி அதை இரண்டு தடவை அழுத்தித் திருகிப் பார்த்தாள்.

வேண்டாம் ஜோதி, நான் இனி ஒம்பது மணி வண்டிக்கே வந்துக்கறேன் என்றாள்.